எடுத்தலும் வைத்தலும்

கையில் எடுத்த ஒரு பொருளை எவ்விடத்தில், எவ்வாறு வைத்தோம் என்பது அறத்தைப் பற்றிய வினாவாகுமா? அஃது ஒழுங்கைப் பற்றியது, வீட்டு நிர்வாகத்தைப் பற்றியது என்றே பலரும் கூறுவர். நம் முன்னோர் அவ்வாறு கருதவில்லை. துறவியர்க்கு வகுத்த ஐந்து சமிதிகளுள் நான்காவதாக ஆதான நிக்ஷேபண சமிதியை வைத்தார்கள். ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் அவ்விடத்தைக் கண்ணால் நோக்கி, மயிற்பீலியால் மெல்லத் துடைத்து, எவ்வுயிர்க்கும் ஊறு நேராதவாறு செய்தல் என்பது அதன் பொருள். கமண்டலத்தைத் தரையில் வைப்பதற்கும் ஒரு நெறி உண்டு என்று சொல்லும்போது சிறுவர்கள் வியப்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். சொல்லிக் கொடுத்த நாமோ, அது முனிவர்க்கு உரியது, இல்லறத்தார்க்கு அவ்வளவு கடுமை இல்லை என்று எண்ணியே வாழ்ந்து வந்தோம். சென்ற ஆண்டு எம் இல்லத்து நாய் ஒரு தையல் ஊசியை நூலோடு விழுங்கிய பின்னர்தான் அவ்வெண்ணத்தை மீண்டும் எடுத்து நோக்க நேர்ந்தது.

எம் இல்லத்து நாய் என்று எழுதுவதற்கே ஒரு விளக்கம் தேவை. ஊனுண்ணும் இயல்புடைய விலங்குகளை வளர்த்தல் விரதம் பூண்ட இல்லறத்தார்க்கு ஏற்றதன்று என்று பெரியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே நாய் வளர்க்க வேண்டும் என்று ஒருபோதும் விரும்பியதில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் அது குட்டியாக வந்து திண்ணையில் ஒதுங்கியது. பேரப்பிள்ளைகள் அதன் நிறத்தை வைத்துச் செவலை என்று பெயரிட்டனர். தயிர்ச்சோறு உண்டது, தங்கிவிட்டது. யாரேனும் வினவினால், "நாங்கள் வளர்க்கவில்லை, அது தானாக இருக்கிறது" என்று விடை கூறுவது எம் வழக்கம். அவ்விடையில் எமக்கு ஒரு வசதி இருந்தது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் அவர்கள் தொடங்கிய முயற்சியின் பயனாக வந்தது. ஒரு விலங்கைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் எவரோ அவர் அதன் நலத்துக்குத் தக்க ஏற்பாடுகளைச் செய்தல் கடமை என்பது அச்சட்டத்தின் கூற்று. சட்டம் கிடக்கட்டும். நாள்தோறும் நம் கையை எதிர்பார்த்து நிற்கும் ஓர் உயிர்க்கு நாம் பொறுப்பில்லை என்று சொல்ல எந்த அறநூல் இடம் தரும்?

நிகழ்ந்தது சுருத பஞ்சமிக்கு முதல் நாள். ஆகம நூல்களை வெளியே எடுத்துத் தூசு தட்டிப் புதிய துணியில் பொதிந்து வைக்கும் அந்நாளுக்காக நாம் திண்ணையில் அமர்ந்து உறைகள் தைத்துக் கொண்டிருந்தோம். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பணியாற்றிய காலத்தில், தையல் வகுப்பு எடுக்கச் செல்லும் மாணவியரிடம் நாம் ஓயாது வலியுறுத்திய விதி ஒன்றுண்டு. ஊசிகளை எண்ணிக் கொடுக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் எண்ணி வாங்க வேண்டும். எண்ணிக்கை சரியாகும் வரை ஒரு குழந்தையையும் எழுந்து போக விடலாகாது. இதனைப் பாடக்குறிப்பில் எழுதாதவர்களின் ஏட்டைத் திருப்பி அனுப்பியதும் உண்டு. அத்தகைய நாம், அன்று மாலை மூன்று உறைகளை முடித்து நான்காவதைப் பாதி தைத்திருந்தபோது, "அத்தை, பொழுது சாய்கிறது, சாப்பிட வாருங்கள்" என்று மருமகள் அழைத்தார். சூரியன் மறைவதற்குள் உண்டு முடிக்க வேண்டுமே என்ற பரபரப்பில் ஊசியை நூலோடு ஒரு துண்டுத் துணியில் குத்தி, அதனைத் திண்ணையிலேயே விட்டுவிட்டு எழுந்து சென்றோம். கேசரி உண்டு முடித்திருந்த சிறிய பேரன் தன் நெய்க்கையை அதே துணியில் துடைத்திருக்கிறான். நெய் மணத்துக்கு வந்த நாய் துணியையும் தின்றது, அதில் இருந்ததையும் தின்றது.

இருட்டும் முன் உண்ண வேண்டும் என்பது எதற்காக? விளக்கொளியை நாடி வரும் சிற்றுயிர்களும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களும் நம் உணவில் விழுந்து மடியலாகாது என்பதற்காக. ஒரு கொசுவின் உயிருக்காகக் காட்டிய விரைவில், ஐம்பொறியும் மனமும் உடைய ஓர் உயிரின் வழியில் ஊசியை வைத்துச் சென்றோம். இரவு உண்ணாமையைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. நினைவு தெரிந்த நாள் முதல் அதனைக் கைக்கொண்டு வருகிறோம்; இனியும் கைவிட மாட்டோம். ஆனால் அன்று நாம் பார்த்தது மேற்கு வானத்தை மட்டுமே. கையை வைத்த இடத்தைப் பார்க்கவில்லை.

இரவு ஏழரை மணி அளவில் செவலை இருமுவது போல் ஓசை எழுப்பிற்று. கழுத்தை நீட்டி, எச்சில் ஒழுக, முன்காலால் வாயைச் சுரண்டியது. கடைவாயில் வெள்ளை நூலின் நுனி தெரிந்தது. அதைக் கண்டவுடன் எவர்க்கும் தோன்றுவது ஒன்றே: இழுத்தால் ஊசி வந்துவிடும். நாமும் இழுத்தோம். ஒரு சாண் வந்திருக்கும். அப்போது அது எழுப்பிய ஓலத்தைக் கேட்டுக் கை நடுங்கி விட்டுவிட்டோம். அச்சத்தினால் விட்டோமேயன்றி அறிவினால் விடவில்லை. விட்டதும் நூல் உள்ளே சென்று மறைந்தது.

அவ்வாறு இழுத்தது எவ்வளவு பெரிய பிழை என்று பின்னர் மருத்துவர் விளக்கினார். ஊசி எங்கேனும் தைத்து நிற்கும்போது நூலை இழுத்தால் முனை மேலும் ஆழமாக இறங்கும். உள்ளே சென்றுவிட்டாலும் நூல் எளிதான பொருளன்று. ஒரு முனை இரைப்பையில் பற்றிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் இறங்குமானால், உணவைத் தள்ளுவதற்காகக் குடல் அசையும் ஒவ்வொரு முறையும் அது நூலின் மேல் ஏறிச் சுருங்கும். பாவாடைக்குச் சுருக்குத் தைக்கும்போது நூலை இழுக்க இழுக்கத் துணி கூடுகிறதே, அது போல. நாளடைவில் இறுகிய நூல் குடலின் சுவரையே அறுத்துவிடும். தையல் கற்பித்த எமக்கு இவ்வுவமை நன்றாகவே விளங்கிற்று.

ஓசை கேட்டு அக்கம் பக்கத்தார் கூடினர். நல்ல மனம் உடையவர்கள். ஆளுக்கொரு வைத்தியம் கூறினர். உப்பைக் கரைத்து ஊற்றினால் வாந்தி வரும் என்றார் ஒருவர். வாழைப்பழத்தைத் திணித்தால் ஊசி அதில் பொதிந்து வெளியேறும் என்றார் மற்றொருவர். விளக்கெண்ணெய் என்றார் வேறொருவர். உப்புக் கரைசலைக் கலக்கியே விட்டார்கள். கல்லூரியில் பயிலும் மூத்த பேரன், "ஒன்றும் கொடுக்காதீர்கள், முதலில் மருத்துவரைக் கேட்போம்" என்று தொலைபேசியில் பேசினான். வாந்தி எடுக்க வைத்தால், உள்ளே போகும்போது குத்தாத ஊசி திரும்பி வரும்போது உணவுக்குழாயில் குத்தும். உப்போ தானே ஒரு நஞ்சு. மிகுதியாகச் சென்றால் இரத்தத்தில் சோடியம் உயர்ந்து நடுக்கமும் வலிப்பும் தோன்றி, உயிரே போகலாம். இழுக்காதீர்கள், எதையும் ஊட்டாதீர்கள், உடனே கொண்டு வாருங்கள் என்பதே கிடைத்த விடை.

இங்கே வாசகர்களுக்குச் சில செய்திகளைச் சொல்லிவிடுதல் நன்று. கடிகாரங்களிலும் விளையாட்டுப் பொருள்களிலும் உள்ள பொத்தான் போன்ற சிறிய பேட்டரி, ஊசியினும் கொடியது. ஈரமான உணவுக்குழாயில் அது ஒட்டிக்கொண்டால் மின்னோட்டத்தினால் அவ்விடத்தில் காரம் உண்டாகிச் சதையை எரிக்கத் தொடங்கும். குழந்தைகளுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் கடும் புண் ஏற்பட்டிருக்கிறது. நாய்க்கும் அதே நிலைதான். நூல்களிடையேயும் பட்டுப் புடவையிடையேயும் நாம் போட்டு வைக்கும் அந்துருண்டை நாய்க்கு நஞ்சு. எலி மருந்துகளில் சில, உண்ட பின் சில நாட்கள் வரை எவ்வித அறிகுறியும் காட்டாமல், பிறகே உள்ளே குருதி கசியச் செய்வன. (நம் வீடுகளில் எலி மருந்து இருத்தலே கூடாது என்பது வேறு செய்தி. இருக்கிறது என்பதை நாம் அறிவோம்.) நஞ்சுகளில் சிலவற்றுக்கு வாந்தி எடுக்க வைத்தல் உதவும், கூரிய பொருளுக்கும், பேட்டரிக்கும், மண்ணெண்ணெய்க்கும், அமிலத்துக்கும் அது கேடு செய்யும். எது எதற்கு என்று திண்ணையில் கூடி முடிவு செய்ய இயலாது.

வைத்தியம் கூறியவர்களைக் காட்டிலும் எம்மை வருத்தியவர், ஒன்றும் கூறாமல் நின்று பின்னர் வாய் திறந்த ஒரு முதியவர். எம் உறவினர், நாள்தோறும் ஆலயம் செல்பவர். "அதன் வினை அது. விலங்குப் பிறப்பில் இத்துன்பம் உதயத்துக்கு வந்திருக்கிறது. நாம் குறுக்கே நின்று என்ன ஆகப் போகிறது? பஞ்ச நமஸ்காரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்" என்றார். கொடுமையினால் சொன்னாரல்லர், கற்றதைச் சொன்னார். எனினும் அப்பேச்சு எமக்குப் பெரிய இடறலாயிற்று. ஏனெனில் வினைக் கொள்கையில் அவர் சொன்னதை மறுக்க இயலாது. அந்நாயின் அசாதா வேதனீய கர்மம் உதயமாகாமல் அதற்குத் துன்பம் வந்திராது என்பது உண்மையே. ஆனால் அவ்வுதயத்துக்கு நிமித்தமாக நின்றது யார்? ஊசி தானாக நடந்து திண்ணைக்கு வரவில்லை. அதன் வினையை நாம் கணக்கெடுக்கத் தொடங்குவது, எம் வினையைக் கணக்கெடுக்காமல் தப்புவதற்கே பயன்படும். பிறர் துன்பத்துக்கு வினையைக் காரணமாகச் சொல்பவர்கள், தம் வீட்டுக் குழந்தை ஊசியை விழுங்கினால் அதனையே சொல்லிக் கொண்டு நிற்பார்களா? நிற்க மாட்டார்கள், வண்டி பிடிப்பார்கள். நாமும் வண்டி பிடித்தோம்.

செலவைப் பற்றியும் பேச்சு எழுந்தது. இத்தொகையில் எத்தனை பேருக்கு உணவளிக்கலாம் என்று கேட்டனர். உணவு, மருந்து, அடைக்கலம், நூல் என்னும் நால்வகைத் தானங்களில் மருந்தும் அடைக்கலமும் இருக்கின்றனவே என்று அப்போது நாம் விடை கூறினோம். பிறகு எண்ணிப் பார்க்கையில் அவ்விடை பொருந்தவில்லை. நாம் செய்தது தானமே அன்று. நாம் உண்டாக்கிய துன்பத்தை நீக்க நாம் செலவழிப்பது கொடை அன்று, கடன். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்தவன் அறம் செய்தேன் என்று மார்தட்டிக் கொள்ள முடியாது. வழியில் அடிபட்டுக் கிடந்த நாயை எடுத்துச் சென்றிருந்தால் அது தயை. இதற்கு வேறு பெயர்.

நகரத்தில் இரவிலும் இயங்கும் கால்நடை மருத்துவமனைக்கு இரண்டு மணி நேரப் பயணம். மகனும் பேரனும் நாமும் சென்றோம். இனி எழுதப் போவதை எழுதாமல் விடலாமா என்று பலமுறை எண்ணினோம். ஆனால் இதனை விட்டால் இக்கட்டுரைக்குப் பொருளில்லை. புறப்படும் பரபரப்பில், "திண்ணையில் ஊசி எப்படி வந்தது?" என்று மகன் கேட்டபோது, யாரோ ஒருவர், "வேலைக்கு வரும் பெண் மாலையில் பெருக்கினாளே, துணிகளை அவள்தான் வாரிப் போட்டிருப்பாள்" என்றார். நாம் வாய் திறக்கவில்லை. பொய் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. வண்டியில் இரண்டு மணி நேரம், மடியில் நாயின் தலையோடு, நமோ அரிஹந்தாணம் என்று சொல்லிக்கொண்டே, அந்தப் பழி வேறொருவர் மீது கிடக்கட்டும் என்று வைத்திருந்தோம். பொருளை வைக்கும் இடத்தில் மட்டுமன்று, பழியை வைக்கும் இடத்திலும் நோக்க வேண்டும் போலும்.

மருத்துவர் இளம்பெண். முதலில் அவர் நாயைத் தொடவில்லை, கேள்விகளைத் தொடுத்தார். ஊசி எவ்வளவு நீளம்? தடித்ததா, மெல்லியதா? நூல் எவ்வளவு? ஒற்றையா, இரட்டையா? நுனியில் முடிச்சு உண்டா? எத்தனை மணிக்கு? மகன், "தெரியவில்லை டாக்டர், வேலைக்காரம்மா எங்கோ போட்டுவிட்டார்" என்றார். இக்கேள்விகளுக்கு விடை அறிந்தவர் உலகில் ஒருவர்தாம் இருந்தார். "இரண்டு அங்குல ஊசி. இரட்டை நூல், ஒரு முழம் மிச்சம் இருந்தது. நுனியில் முடிச்சு உண்டு. ஆறு மணிக்குச் சற்றுப் பின்னர் நான் வைத்தேன்" என்றோம். மகன் எம்மைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சத்திய அணுவிரதத்தின் பெருமையால் நாம் உண்மை பேசியதாக யாரும் எண்ண வேண்டா. உண்மை சொல்லாமல் சிகிச்சை நடக்காது என்ற நிலை வந்த பிறகே சொன்னோம்.

எக்ஸ்ரே படத்தில் இரைப்பை இருக்கும் இடத்தில் ஊசி ஒரு வெண்கோடாகத் தெரிந்தது. விழுங்கிய ஊசி தானாகவே மலத்தோடு வெளியேறுவதும் உண்டு. இரைப்பைக்குள் கருவியைச் செலுத்தி, அறுக்காமலே எடுப்பதும் உண்டு. இங்கே நூல் குடலுக்குள் இறங்கியிருக்கலாம் என்ற ஐயம் இருந்தமையால் வயிற்றைத் திறப்பதே தக்கது என்றார் மருத்துவர்.

வெளியே காத்திருந்த வேளையில் எம் மனத்தில் தோன்றிய ஒரு செய்தியை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். கொல்லாமை அணுவிரதத்துக்குத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஐந்து அதிசாரங்களைச் சிறுவயதிலேயே மனனம் செய்தவர்கள் நாம். கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். அன்றிரவு அந்நாய்க்கு என்ன செய்தோம்? கால்களைக் கட்டினார்கள். மாலை முதல் ஒரு வாய் நீரும் கொடுக்கவில்லை. மயக்க மருந்துக்கு வயிறு வெறுமையாக இருத்தல் வேண்டும் என்பதனால், தண்ணீர்ப் பாத்திரத்தை அது நோக்கியபோது பாத்திரத்தை நகர்த்தி வைத்தோம். பிறகு கத்தியால் அறுத்தார்கள். ஐந்தில் மூன்றை ஒரே இரவில் ஓர் உயிருக்குச் செய்துவிட்டு அதற்கு நன்றியும் கூறினோம்.

ஆனால் அன்று மாலை நாம் என்ன செய்தோம்? கட்டவில்லை, அடிக்கவில்லை, அறுக்கவில்லை, உணவைத் தடுக்கவில்லை. ஒரு துணியில் ஊசியைக் குத்திவிட்டு, விரதம் தவறாமல் உண்ணச் சென்றோம். அதிசாரப் பட்டியலில் நம் செயலுக்குப் பெயரே இல்லை. வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து அளந்தால் மருத்துவர் குற்றவாளி, நாம் குற்றமற்றவர். எனவேதான் நம் ஆசிரியர்கள் வெளித்தோற்றத்தை வைத்து அளக்கவில்லை. பிரமத்த யோகத்தால் உயிரைப் போக்குவது இம்சை என்று உமாஸ்வாமி இலக்கணம் வகுத்தார். பிரமாதம் என்றால் கவனமின்மை, சோர்வு. (நம் மொழியில் அச்சொல் எவ்வாறோ திரிந்து, 'பிரமாதம்!' என்று பாராட்டாகிவிட்டது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவியர் சிரிப்பார்கள்.) திருக்குறளிலும் பொச்சாவாமை என்று இதற்கு ஐம்பத்து நான்காம் அதிகாரம் முழுவதும் ஒதுக்கப்பட்டுள்ளது. அரசர்க்குச் சொன்னது என்று உரைகாரர் கூறுவர். ஊசி வைத்திருப்பவர்க்கும் அது பொருந்தும்.

இடையில் மற்றொரு யோசனையும் தொலைபேசி வழியாக வந்தது. மகனின் நண்பர் ஒருவர், "தெருநாய்தானே, ஏன் துன்புறுத்துகிறீர்கள்? ஓர் ஊசி போட்டு நிம்மதியாக முடித்துவிடச் சொல்லுங்கள்" என்றார். ஊசியால் வந்ததை ஊசியால் முடிப்பதாம். அவரும் இரக்கத்தினால்தான் சொன்னார். பத்தாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த அமிர்தசந்திரர், புருஷார்த்த சித்தியுபாயத்தில், துன்புறும் உயிரைக் கொன்றால் அதன் துன்பம் விரைவில் தீரும் என்று கூறுவோரின் கருத்தை எடுத்து வைத்து மறுத்திருக்கிறார். ஆகவே இவ்வாதம் இன்று தோன்றியதன்று. உடலை விட்டதோடு துன்பம் முடிந்துவிடும் என்பது, உயிர் மறுபிறப்பெடுக்கும் என்று நம்பும் நமக்கு எவ்வாறு பொருந்தும்? சல்லேகனையைச் சிலர் இதனோடு ஒப்பிடுவர். அது தானே அறிந்து, தானே ஏற்கும் நோன்பு. ஒருவருக்காக மற்றொருவர் அதனை ஏற்க இயலாது. வாயில்லாத உயிருக்கு வழங்கவும் இயலாது. வலியைத் தணிக்கும் மருந்து வேறு. அதனைக் கொடுக்கலாம், கொடுத்தல் வேண்டும். எம்மைப் பொறுத்தவரை, அந்த யோசனையைக் கேட்டபோது ஒரு கணம் மனம் இளகியது என்பதையும் மறைப்பதற்கில்லை. அந்த ஓலத்தைக் கேட்க முடியவில்லை. ஆனால் அப்போது முடிய வேண்டும் என்று நாம் விரும்பியது யாருடைய வேதனை? நாயினுடையதா, எம்முடையதா?

முதியவர் சொன்ன பஞ்ச நமஸ்காரத்தை நாம் புறக்கணிக்கவில்லை. திருத்தக்க தேவரின் சிந்தாமணியை அறிந்தவர் எவரும் புறக்கணிக்க மாட்டார்கள். அந்தணர்களின் உணவைத் தீண்டியதற்காக அடியுண்டு சாகக் கிடந்த நாயின் செவியில் சீவகன் அம்மந்திரத்தை ஓதினான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பின்னாளில் அவனுக்கு உற்ற இடத்தில் உதவியது. அறத்தால் நாயும் தேவனாகலாம், பாவத்தால் தேவனும் நாயாகலாம் என்பது சமந்தபத்திரர் இரத்தின கரண்டகத்தில் காட்டிய நெறி. ஆனால் சீவகன் கண்டது உயிர் பிரியும் நிலையில் இருந்த நாயை. மருந்துக்குக் காலம் கடந்த இடத்தில் மந்திரம் ஒன்றே அவனால் கொடுக்கக் கூடியதாக இருந்தது. காலம் இருக்கும்போதே மந்திரத்தை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போவது சீவகன் செயலாகாது. நாயை அடித்தவர்களும் தாமே மந்திரம் சொல்லிவிட்டுச் சென்றது போலாகும்.

செவலை பிழைத்தது. இரைப்பையிலிருந்து ஊசியும், குடலின் தொடக்கம் வரை இறங்கியிருந்த நூலும் எடுக்கப்பட்டன. ஊசியும் நூலும் கொண்டே வயிற்றைத் தைத்தார்கள். தையலைக் கடித்துவிடாதிருக்கப் புனல் போன்ற வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கதவுகளில் எல்லாம் மோதியபடி பத்து நாட்கள் திரிந்தது. பிறகு தையலைப் பிரித்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறது. எம் மடியருகில் வந்து படுக்கிறது. முன்பு போலவே வாலாட்டுகிறது.

"அதுதான் பிழைத்துவிட்டதே, இன்னும் எதற்கு வருந்துகிறீர்கள்?" என்று எம்மைக் கேட்போர் பலர். இதற்குத்தான் குந்தகுந்தர் எம்மை விடமாட்டேன் என்கிறார். பொன்னூர் மலையில் அவருடைய திருவடிகளை வணங்கி வருபவர்கள் நாம். அவர் பிரவசன சாரத்தில் கூறுவதன் கருத்து இது: உயிர் மடிந்தாலும் மடியாவிட்டாலும் கவனமின்றி நடப்பவனுக்கு இம்சை உறுதி, சமிதியோடு நடப்பவனுக்கோ, அவனை அறியாமல் ஓர் உயிர் மடிந்தாலும் அதனால் மட்டும் பந்தம் இல்லை. இளமையில் இதனைப் படித்தபோது இரண்டாம் பகுதியே எமக்கு ஆறுதலாக இருந்தது. இப்போது முதற்பகுதியின் முன் நிற்கிறோம். நாய் பிழைத்தது மருத்துவரின் திறமையாலும் அதன் ஆயுள் கர்மத்தாலும். எம் செயல் அதனால் மாறவில்லை. ஊசியைக் குத்திவிட்டு எழுந்த அந்த நொடியிலேயே செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டோம். நாய் அந்தப் பக்கம் வராமலே போயிருந்தாலும், காலையில் நாமே அதனை எடுத்துப் பெட்டியில் வைத்திருந்தாலும், கணக்கு அதுவே. அவ்வாறு நாய் வராத மாலைகள் எத்தனையோ, யாருக்குத் தெரியும்?

இல்லறத்தில் உழவும் சமையலும் தொழிலும் இம்சையின்றி நடவா என்பதனால், மனமறிந்து கொல்லும் சங்கல்ப இம்சையை மட்டும் நமக்கு முற்ற விலக்கினார்கள். ஏனையவற்றில் இயன்ற அளவு குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். இந்தச் சலுகையின் நிழலில் நாம் நெடுங்காலமாக ஒதுங்கியிருக்கிறோம். ஊசியைத் திண்ணையில் விடுவது எந்தத் தொழிலுக்குத் தேவை? அடுப்பை மூட்டினால்தான் சோறு வேகும். ஊசியைப் பெட்டியில் வைத்துவிட்டு எழுந்தால் எந்தச் சோறும் வேகாமல் போவதில்லை. கால் நிமிடம் தாமதமாகும், அவ்வளவே.

வேலைக்கு உதவ வரும் பெண்மணியிடம் இரண்டு நாள் கழித்துத்தான் பேச முடிந்தது. பழி தம் மீது கிடந்ததை அவர் அதற்குள் தெருவில் கேட்டிருந்தார். "உன் மேல் சொன்னது தவறு. ஊசியை அங்கே வைத்தது நான். சொன்னபோது மறுக்காமல் இருந்ததும் நான்தான்" என்றோம். பிரதிக்கிரமணப் பாடத்தை நாள்தோறும் சொல்லுகிற வாய்க்கு இந்த மூன்று வாக்கியங்கள் எளிதாக வரவில்லை. அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு எம்மைப் பார்த்தார். பிறகு, "போகட்டும் டீச்சரம்மா. மீதி ஊசியெல்லாம் இருக்குதா, எண்ணிப் பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

எண்ணிப் பார்த்திருக்கவில்லை. பெட்டியைத் திறந்து, உறையிலிருந்த ஊசிகளை இருவரும் எண்ணினோம். பன்னிரண்டு ஊசிகள் கொண்ட உறை. நாய் விழுங்கியது போகப் பதினொன்று இருக்க வேண்டும். பத்துதான் இருந்தன. மருமகளையும் அழைத்துக்கொண்டு பாய்களை உதறினோம், கட்டிலடியைப் பெருக்கினோம், துணிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தோம். பகலுணவு ஆறிப் போயிற்று. கடைசியில் அப்பெண்மணிதான் கண்டுபிடித்தார். கூடத்துத் தூணில் தொங்கும் நாட்காட்டியின் அட்டையில், சிறிய பேரனின் தோளுயரத்தில், நூல் கோத்தபடி குத்தியிருந்தது. நூலின் நிறம் நீலம். அந்த நீல நூலில் நாம் கடைசியாகத் தைத்தது பொங்கலுக்கு முன்பு.